200 மீட்டர், 110 சிசி: கொங்கு நாட்டுக்கு ஒரு கையைக் கடிக்காத டிராக் ரேஸ் பிரிவு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவை, திருப்பூர், பொள்ளாச்சிப் பக்கம் இருக்கும் பதினோரு பேர் சேர்ந்து ஒரு வேலையில் இறங்கியிருக்கிறோம். மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர், வீட்டில் நிற்கிற வண்டியை எடுத்து வந்து, முறையான தடத்தில், முறையான கடிகாரத்துக்கு முன்னால் ஓட்டக்கூடிய ஒரு தொடக்க நிலை டிராக் ரேஸ் பிரிவை உருவாக்க வேண்டும். எங்களில் மெக்கானிக்குகள் உண்டு, லேத் வைத்திருப்பவர்கள் உண்டு, ஒரு ஸ்பின்னிங் மில் எலக்ட்ரீஷியனும் கல்லூரி மாணவர்கள் சிலரும் உண்டு. முதல் போட்டி இன்னும் நடக்கவில்லை. விதிகள் எழுதியாகிவிட்டது. டைமிங் கருவியை ஒரு மூடிய வளாகத்தில் வைத்துச் சோதித்திருக்கிறோம். பட்டறையிலும் டீக்கடையிலும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள் இவை.

டிராக் ரேஸ்னா என்னங்க? ராத்திரி பைபாஸ்ல பசங்க முறுக்கறாங்களே, அதா?

அது இல்லைங்க. இரண்டு வண்டிகள் பக்கத்துப் பக்கத்துப் பாதையில் நின்ற இடத்திலிருந்து கிளம்பி, அளந்து வைத்த நேர்கோட்டுத் தூரத்தை ஓடி முடிப்பதுதான் டிராக் ரேஸ். கிளம்பச் சொல்வது விளக்கு, தீர்ப்புச் சொல்வது கடிகாரம். உலகம் முழுக்க வழக்கமான தூரம் கால் மைல், அதாவது 402 மீட்டர். அதில் பாதியான 201 மீட்டரும் பரவலாக ஓடுகிறார்கள். அமெரிக்காவில் 1951-இல் வாலி பார்க்ஸ் என்பவர் தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கியதன் முக்கிய நோக்கமே, தெருவில் பந்தயம் ஓட்டிய இளைஞர்களைத் தடத்துக்குக் கொண்டுவருவதுதான்.

நம் ஆட்களுக்கு இதை விளக்க எனக்கு அதிக நேரம் பிடிப்பதில்லை. ரேக்ளா மாட்டுவண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்கு இது பாதி தெரிந்த விஷயம். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ரேக்ளா எப்படி நடக்கிறது? 200 மீட்டர், 300 மீட்டர் என்று தூரத்தை அளந்து, ஒவ்வொரு வண்டியாக விட்டு, எத்தனை விநாடியில் எல்லையைத் தாண்டுகிறது என்று பார்க்கிறோம். காளைக்கு எத்தனை பல் விழுந்து முளைத்திருக்கிறது என்று எண்ணி, இரண்டு பல், நான்கு பல் என்று பிரிக்கிறோம். கன்றுப் பருவம் தாண்டாத மாட்டை முற்றிய காளையோடு மோத விடுவதில்லை. நேர்கோடு, அளந்த தூரம், விநாடிக் கணக்கு, வயதுக்கேற்ற பிரிவு என்று டிராக் ரேஸுக்கு வேண்டிய நான்கும் நம் மண்ணில் ஏற்கெனவே இருக்கின்றன. எங்கள் அப்புச்சி என்னைத் தோளில் உட்கார வைத்து ரேக்ளா காட்டியபோது, காளைகள் கண்ணுக்கு முன்னால் பாய்ந்து போன அந்தச் சில விநாடிகள் இன்னும் எனக்குள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

தேசிய அளவுல பைக் டிராக் ரேஸ் நடக்குதே. இன்னொண்ணு எதுக்கு?

நடக்கிறது, நன்றாகவே நடக்கிறது. இந்திய மோட்டார் விளையாட்டு மன்றங்களின் கூட்டமைப்பான எஃப்எம்எஸ்சிஐ அனுமதியோடு, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் தேசிய சாம்பியன்ஷிப் ஓட்டியிருக்கிறார்கள். அங்கே ஜெயிக்கிற வண்டிகளைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால் விஷயம் புரியும். அவை பந்தயத்துக்கென்றே பிரித்துக் கட்டிய வண்டிகள். தப்பில்லை, உச்சம் என்றால் அப்படித்தான் இருக்கும். ஆனால் அந்த உச்சத்துக்கு ஏறும் முதல் படி எங்கே?

என் கதையைச் சொல்கிறேன். இருபத்து மூன்று வயதில் ஒரு யமஹா ஆர்எக்ஸ் 135 பைக் வாங்கினேன். சிலிண்டர் போர்ட் வேலை, கார்புரேட்டர், எக்ஸ்பேன்ஷன் சேம்பர் சைலன்சர் என்று இரண்டு வருடச் சம்பளத்தில் பெரும்பகுதி அதில் போனது. வேனில் ஏற்றிக்கொண்டு 500 கிலோமீட்டர் போனேன். முதல் சுற்றிலேயே பிஸ்டன் பிடித்துக்கொண்டது. மொத்தம் ஓடியது இருபது விநாடிகூட இல்லை. அந்த நாளில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டது ஒன்றும் இல்லை, ஏனென்றால் ஓட்டவே இல்லை. புதிதாக வருகிறவருக்கு வேண்டியது வேகமான வண்டி அல்ல. ஒரே காலையில் ஐந்தாறு முறை கிளம்பிப் பார்க்கும் வாய்ப்பு.

எந்த வண்டி ஓட்டலாம்?

110 சிசிக்கு மிகாத, நான்கு ஸ்ட்ரோக், ஒற்றை சிலிண்டர், காற்றில் குளிரும் எந்த வண்டியும். ஸ்ப்ளெண்டர், பிளாட்டினா 100, ஸ்டார் சிட்டி, ஆக்டிவா 110, 109.7 சிசி பழைய ஜூபிடர், எக்ஸ்எல் 100 எல்லாம் வரலாம். பதிவும் காப்பீடும் நடப்பில் இருக்க வேண்டும்.

இவற்றைத் தேர்ந்ததற்குக் காரணம் எளிது. ஸ்ப்ளெண்டரில் இருப்பது 97.2 சிசி, ஏறத்தாழ 8 குதிரைசக்தி. அவினாசியிலிருந்து அந்தியூர் வரை எந்த ஊர்ப் பட்டறையிலும் அதைப் பிரித்துக் கோர்க்கத் தெரிந்த கை ஒன்று இருக்கும். கிளட்ச் பிளேட் தேய்ந்தால் பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஓட்டிவிட்டுத் திங்கட்கிழமை அதே வண்டியில் வேலைக்குப் போகலாம். போக முடியாத வண்டி இந்தப் பிரிவுக்கு வேண்டாம்.

ஆர்எக்ஸ் 100?

வேண்டாம், மனசு வலிக்கத்தான் செய்கிறது. 1996-இல் தயாரிப்பு நின்றுபோன வண்டி. நல்ல நிலையில் இருப்பது இன்று சேகரிப்பாளர்கள் கையில் தங்கம் மாதிரி. அதை அனுமதித்தால் அடுத்த மாதமே இந்தப் பிரிவு ஆர்எக்ஸ் வைத்திருப்பவர்கள் பிரிவாகிவிடும்.

செலவைக் குறைக்கணும்னா, வண்டிக்கு இவ்வளவுதான் செலவு பண்ணலாம்னு ஒரு வரம்பு வெச்சா போதுமே?

நாங்களும் முதலில் அப்படித்தான் எழுதினோம். நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது, பில் காட்ட வேண்டும் என்று. மூன்று வாரம் பேசிய பிறகு அந்தப் பக்கத்தையே கிழித்துப் போட்டோம். ஏன் என்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் விதிகள் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இது கோவை வட்டாரம். பீளமேட்டிலும் கணபதியிலும் சிங்காநல்லூரிலும் தெருவுக்கு ஒரு பட்டறை. ஒருத்தருக்கு மாமா லேத் வைத்திருப்பார், இன்னொருத்தருக்கு மச்சான் ஃபவுண்டரியில் பேட்டர்ன் வேலை செய்வார். கேம்ஷாஃப்ட் அரைத்துத் தர, சிலிண்டர் ஹெட் சீவித் தர அவர்கள் பில் போடுவார்களா? காகிதத்தில் அந்த வேலையின் விலை பூஜ்யம். உறவில் பட்டறை இல்லாத, ஈரோட்டு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிற ஒரு பெண் அதே வேலைக்குப் பணத்தை எண்ணி வைக்க வேண்டும். வரம்பு இரண்டு பேருக்கும் ஒன்றே, நியாயம் ஒன்றாக இருக்காது. தவிர, பில்லைச் சரிபார்க்கிறவர் ஊர்ப்பகையைத்தான் சம்பாதிப்பார்.

அப்புறம் வேறொரு யோசனை வந்தது. அமெரிக்க வட்டத் தடங்களில் ஒரு வழக்கம் உண்டு. ஜெயித்த வண்டியின் இன்ஜினை, முன்கூட்டியே சொன்ன விலைக்கு, தோற்றவர் கேட்டால் கொடுத்துவிட வேண்டும். பறிபோகும் என்று தெரிந்தால் யாரும் அதில் பணத்தைக் கொட்டமாட்டார்கள் என்பது கணக்கு. நல்ல கணக்குதான். ஆனால் இங்கே அப்பா கொடுத்துவிட்டுப் போன ஸ்ப்ளெண்டரை ஒருத்தர் ஓட்டி ஜெயித்தால், அதன் இன்ஜினைக் கழற்றிக் கொடு என்று யார் கேட்பது? கேட்டால் அடுத்த கல்யாணத்தில் முகம் பார்த்துப் பேச முடியுமா? அதையும் விட்டோம்.

கடைசியில் வந்து நின்ற இடம் இது: செலவு செய்யாதே என்று சொல்வதை விட, செலவு செய்தாலும் அதனால் ஜெயிக்க முடியாது என்று விதியை அமைத்துவிட வேண்டும். அப்படி ஒரு முறை ஏற்கெனவே இருக்கிறது. அமெரிக்கத் தடங்களில் உள்ளூர்க்காரர்கள் பெரும்பாலும் அந்த முறையில்தான் ஓட்டுகிறார்கள். பிராக்கெட் பந்தயம் என்று பெயர்.

பிராக்கெட் பந்தயம் எப்படி வேலை செய்யுதுங்க? கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க.

காலையில் பயிற்சி ஓட்டங்கள் உண்டு. உங்கள் வண்டி 201 மீட்டரை எத்தனை விநாடியில் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்கிறீர்கள். பிறகு, "இன்று என் வண்டி இந்த நேரத்தில் ஓடும்" என்று நீங்களே ஒரு எண்ணைச் சொல்லி, முன்பக்க நம்பர் தட்டில் சுண்ணாம்புக் கட்டியால் எழுதுகிறீர்கள். நாங்கள் இதைச் சொல்நேரம் என்கிறோம்.

உதாரணக் கணக்கு ஒன்று. செல்வி எக்ஸ்எல் 100-இல் வருகிறார், சொல்நேரம் 14.20. எதிரில் குமார், ஸ்ப்ளெண்டர், 13.60. வித்தியாசம் 0.60 விநாடி. ஆகவே செல்விக்குப் பச்சை விளக்கு 0.60 விநாடி முன்னதாக எரியும். இருவரும் சொன்னபடியே ஓடினால், கிளம்பியதும் ஒன்றுபோல் இருந்தால், எல்லைக்கோட்டில் இரண்டு முன்சக்கரமும் ஒன்றாகத் தொட வேண்டும்.

ஆனால் மனிதர் மனிதர்தானே. பச்சை எரிந்த பின் செல்வி நகர 0.09 விநாடி ஆகிறது, குமாருக்கு 0.21. செல்வி 14.25-இல் ஓடி முடிக்கிறார், சொன்னதை விட 0.05 அதிகம். குமார் 13.62, சொன்னதை விட 0.02 அதிகம். செல்வியின் மொத்தப் பிழை 0.14, குமாருடையது 0.23. செல்வி 0.09 விநாடியில் ஜெயிக்கிறார். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் அந்த 0.09 விநாடி என்பது 1.8 மீட்டர், கிட்டத்தட்ட ஒரு வண்டி நீளம். பாருங்கள், ஓடிய நேரத்தைத் துல்லியமாகச் சொன்னது குமார்தான். அவர் தோற்றது கிளம்பிய இடத்தில்.

இப்போது குமார் பணம் செலவழித்து வண்டியை 12.90-க்குக் கொண்டுவருகிறார் என்று வையுங்கள். சொல்நேரம் 12.90 ஆகும். செல்விக்குப் பச்சை 1.30 விநாடி முன்னதாக எரியும். அவ்வளவுதான், குமாருக்குக் கூடுதலாக ஒன்றும் கிடைக்காது. சொல்லப்போனால், முறுக்கேற்றிய இன்ஜின் சூட்டுக்குத் தகுந்த மாதிரி நேரம் மாறும், அவருக்குத்தான் நஷ்டம்.

அப்ப, வேணும்னே அதிக நேரத்தைச் சொல்லிட்டு முன்னாடி போயிட்டா?

அதற்கும் பூட்டு உண்டு. சொன்ன நேரத்தை விட வேகமாக ஓடிவிட்டால் தோல்வி. 14.20 என்று எழுதிவிட்டு 14.19 ஓடினாலும் தோல்விதான். இருவருமே மிஞ்சினால் குறைவாக மிஞ்சியவருக்கு வெற்றி. பச்சைக்கு முன் கிளம்பினால் சிவப்பு எரியும், அத்தோடு அந்த ஓட்டம் முடிந்தது.

ஒரு தந்திரம் மட்டும் மிச்சம் இருக்கிறது. நேரத்தை அதிகம் சொல்லிவிட்டு, எல்லைக்கோட்டுக்குப் பத்தடி முன்னால் பிரேக் பிடிப்பது. வெளிநாட்டில் அதை ஒரு கலையாகவே செய்கிறார்கள். புதியவர்கள் இருக்கும் தடத்தில் அது ஆபத்து. ஆகவே கோட்டுக்கு முன் பிரேக் விளக்கு எரிந்தால் அந்தச் சுற்று போய்விடும் என்று எழுதியிருக்கிறோம். மறுபேச்சு இல்லை.

மெதுவான வண்டி வேகமான வண்டியை ஜெயிக்கறதெல்லாம் ஒரு ரேஸா, தம்பி?

இந்தக் கேள்வியைப் பெரியவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். மாமா, ரேக்ளாவில் உங்கள் இரண்டு பல் காளை ஆறு பல் காளையோடு ஓடினால் ஒத்துக்கொள்வீர்களா? அங்கே பல்லை எண்ணிச் சமன் செய்கிறோம். இங்கே விநாடியை எண்ணிச் சமன் செய்கிறோம். சமன் செய்த பிறகு மிஞ்சுவது ஓட்டுகிறவரின் கண், கை, கிளட்ச், தன் வண்டியைப் பற்றிய அறிவு. மில்லில் ஷிஃப்ட் முடித்து வருகிற ஒருவர், பெரிய ஷோரூம் வைத்திருப்பவரின் பையனை, நேர்மையாக, எல்லோரும் பார்க்க ஜெயிக்க முடிகிற விளையாட்டு எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்.

எல்லாரும் ஒரே வண்டி ஓட்டற மாதிரி வெச்சிருக்கலாமே? கரிவரதன் அப்படித்தானே செஞ்சார்?

ஆமாம், அவர் பெயரைச் சொல்லாமல் கோவையில் இந்தப் பேச்சையே பேச முடியாது. எஸ். கரிவரதன் 1980களின் பிற்பகுதியில் மாருதி 800-இன் இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைப் பந்தயக் காரைக் கொண்டுவந்தார். வெளிநாட்டு இறக்குமதிக்கு வழியில்லாத காலத்தில், நம் ஊர்க் காரின் இன்ஜினே போதும் என்று காட்டினார். 2005-இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா 1 ஓட்டுநராகக் களமிறங்கிய நம்ம கோவை நரேன் கார்த்திகேயனும் தொடக்கத்தில் ஓட்டியது ஃபார்முலா மாருதிதான். கரிவரதன் 1995-இல் விமான விபத்தில் இறந்தார். செட்டிபாளையத்துத் தடம் அவர் பெயரில்தான் நிற்கிறது.

அவர் வழியும் செலவைக் குறைக்கும் வழிதான். ஆனால் ஒரே மாதிரி வண்டிகளை யாராவது முதல் போட்டு வாங்கி நிறுத்த வேண்டும். எங்களிடம் அந்த முதல் இல்லை. மக்கள் வீட்டு வாசலில் ஏற்கெனவே நிற்கிற வண்டிகள்தான் எங்கள் முதல்.

வண்டியில என்ன மாத்தலாம்?

செயின் ஸ்பிராக்கெட், ஸ்பார்க் பிளக், டயர், காற்றழுத்தம், கார்புரேட்டர் ஜெட். இன்ஜினுக்குள் கை வைக்கக்கூடாது. முன் பிரேக்கைக் கழற்றக்கூடாது. எடை குறைக்கிறேன் என்று மட்கார்டையும் செயின் கவரையும் கழற்றி வந்தால் சோதனையிலேயே திருப்பி அனுப்புவோம்.

402 மீட்டர் இல்லாம 201 ஏன்?

நிறுத்துவதற்கு இடம் வேண்டும், அதனால். வேகம் இரண்டு மடங்கானால் நிறுத்தும் தூரம் நான்கு மடங்காகும். பழைய டிரம் பிரேக் வண்டி மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து நிற்க, பதறாமல் பிடித்தால், ஏறத்தாழ 60 மீட்டர் ஆகும். 160-இலிருந்து என்றால் 240 மீட்டருக்கு மேல். எங்கள் வண்டிகள் 201 மீட்டர் முடிவில் எண்பதைத் தொடுவதே கஷ்டம். ஆகவே கோட்டுக்குப் பின் 200 மீட்டர் காலியாக இருந்தால், பிரேக் பிடிக்க மறந்து இரண்டு விநாடி திகைத்து நின்றவருக்கும் இடம் மிச்சம் இருக்கும். வரிசை நிற்க, கிளம்ப, ஓட, நிற்க எல்லாம் சேர்த்து 450 மீட்டர் நேர்த்தளம் போதும். 402 மீட்டருக்குத் தேடினால் அந்த நீளத்துக்கு இடமே கிடைக்காது.

டைமிங் கருவி வெளிநாட்டுல இருந்து வாங்கணுமா?

வேண்டியதில்லை. ஸ்டாப்வாட்ச் மட்டும் போதாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கை கொஞ்சம் தாமதித்து 0.2 விநாடி தவறினால், 80 கிலோமீட்டர் வேகத்தில் அது நான்கரை மீட்டர். இரண்டு வண்டி நீளத்துக்கும் மேல்.

பாதையின் குறுக்கே அகச்சிவப்புக் கதிர், எதிர்ப்பக்கம் அதைப் பிடிக்கும் சென்சார். முன்சக்கரம் கதிரை மறித்தால் ஒரு துடிப்பு. கிளம்பும் இடத்தில் பாதைக்கு இரண்டு கதிர்கள், எல்லையில் ஒன்று. எங்கள் மாணவர்கள் செய்தபோது பட்ட பாட்டில் மூன்று பாடம் கிடைத்தது. சாதாரணக் கதிர் என்றால் கொங்கு வெயிலில் சென்சார் குருடாகிவிடுகிறது, டிவி ரிமோட்டில் இருப்பதுபோல 38 கிலோஹெர்ட்ஸில் துடிக்கும் கதிர் வேண்டும். வைஃபை வேண்டாம், ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு அளவு தாமதம் வருகிறது, நேரடி ஒயர்தான் நம்பகம். கதிரின் உயரம் முக்கியம். டயர் மட்டத்தில் தாழ வைக்க வேண்டும், கொஞ்சம் மேலே போனால் ஓட்டுகிறவரின் காலும் ஃபுட்ரெஸ்ட்டும் மறிக்கின்றன. இரண்டு பாதைக்கும் ஒரே கடிகாரம், ஒரே பெட்டிக்குள்.

விளக்குக் கம்பத்தை 1963 முதல் அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் மரம் என்கிறார்கள். மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் மேலிருந்து கீழாக எரியும், பிறகு பச்சை. பச்சையைப் பார்த்துக் கிளம்பினால் தாமதம். கடைசி மஞ்சளைப் பார்த்து மூச்சை விடாமல் கிளட்ச்சை விட வேண்டும்.

நம்ம ஊர் காத்துக்கு இது சரிவருமா?

அருமையான கேள்வி, பல்லடத்துக்காரர் ஒருவர் கேட்டது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் பக்கம் என்ன செய்யும் என்று பல்லடம், உடுமலைக் காற்றாலைகளைப் பார்த்தாலே தெரியும். மணிக்கு 70 கிலோமீட்டரில் போகும் வண்டிக்கு எதிரே 20 கிலோமீட்டர் காற்று வீசினால், காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கும் மேலாகிவிடும். எட்டுக் குதிரைசக்தி வண்டிக்கு அது பெரிய சுமை.

ஆனால் இதுதான் பந்தயத்தின் ருசி. சுற்றுக்குச் சுற்று சொல்நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். தடத்தின் ஓரத்தில் ஒரு துணிக்கொடி கட்டி வைப்போம். அதைப் பார்த்து "இந்தச் சுற்று பத்திலொரு பங்கு விநாடி கூடும்" என்று கணிக்கிறவர் ஜெயிப்பார். தோட்டத்தில் மருந்தடிக்கக் காற்றைப் பார்க்கிற விவசாயி வீட்டுப் பிள்ளைக்கு அது கைவந்த கலை. இன்னொன்றும் உண்டு. கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டருக்கு மேலே இருக்கிறது. காற்று சற்று மெலிது, இன்ஜின் சக்தியும் கொஞ்சம் குறையும். ஆகவே சென்னையில் ஓடிய நேரத்தை இங்கே வந்து எழுதாதீர்கள்.

பாதுகாப்புக்கு எவ்வளவு ஆகும்?

இதில் மட்டும் நாங்கள் சிக்கனம் பேசமாட்டோம். முகம் முழுக்க மூடும், ஐஎஸ்ஐ முத்திரையுள்ள ஹெல்மெட், கணுக்கால் மூடும் ஷூ, கையுறை, கனமான ஜாக்கெட், முழங்கால் காப்பு. ஜாக்கெட்டும் காப்பும் வாங்க முடியாதவர்களுக்குப் பொதுவில் சில செட்கள் வாங்கி வைக்கிறோம், முறைவைத்து அணியலாம். ஹெல்மெட் மட்டும் அவரவர் சொந்தமாகக் கொண்டுவர வேண்டும், அடிபட்ட ஹெல்மெட்டை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது.

கைமணிக்கட்டில் கட்டிய கயிறு இழுபட்டால் இன்ஜின் அணைகிற கில் ஸ்விட்ச் எல்லா வண்டிக்கும் கட்டாயம். எலக்ட்ரீஷியன் அண்ணன் அதைத் தடத்திலேயே மாட்டிக் கொடுப்பார். ஆம்புலன்ஸ் வாசலை விட்டு வெளியே போனால், திரும்பி வரும்வரை ஒரு வண்டியும் கிளம்பாது.

இதுக்குப் பேசாம ராத்திரி காலி ரோட்ல ஓட்டிக்கலாமே, காசே ஆகாதே?

என் பெரியப்பா மகன் அப்படித்தான் நினைத்தான். பத்தொன்பது வயது. நள்ளிரவு, பைபாஸ், காலியான ரோடு. சர்வீஸ் ரோட்டிலிருந்து விளக்கில்லாமல் ஏறிய ஒரு டிராக்டரை அவன் பார்க்கவே இல்லை. உயிர் தப்பினான். வலது கால் இரண்டு அங்குலம் குட்டையாகிவிட்டது. பெரியம்மா இன்றுவரை பைக் சத்தம் கேட்டால் வாசலுக்கு வந்து நிற்கிறார். இந்த வேலையில் நான் இறங்கியதற்கு அவன்தான் காரணம்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189-ஆம் பிரிவுப்படி, மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதியின்றிப் பொது இடத்தில் பந்தயம் ஓட்டினால் முதல் முறை மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் ஒரு வருடம், 10,000 ரூபாய் வரை. பதினெட்டு வயது ஆகாத பையன் வண்டி ஓட்டிக் குற்றம் செய்தால் 199ஏ பிரிவின்படி பெற்றோரோ வண்டிக்காரரோ மூன்று வருடம் வரை சிறைக்கும் 25,000 ரூபாய் அபராதத்துக்கும் ஆளாகலாம்.

முறையா நடத்த யார்கிட்ட அனுமதி?

எஃப்எம்எஸ்சிஐ-யின் அனுமதி, காவல்துறைக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் கடிதம், போட்டிக்கென்று தனிக் காப்பீடு. உங்கள் வழக்கமான வண்டிக் காப்பீடு பந்தயத்தில் செல்லாது என்பதை நினைவில் வையுங்கள். இடம், மூடிய தடமாகத்தான் இருக்க வேண்டும். புது லேஅவுட் ரோட்டில் நடத்தலாமே என்று நிறையப் பேர் இடம் கொடுக்க முன்வருகிறார்கள். அன்புக்கு நன்றி, ஆனால் ஓரத்தில் மின்கம்பமும் சாக்கடைக் கல்லும் இருக்கிற இடத்தில் ஓட்டமாட்டோம்.

பொண்ணுங்க ஓட்டலாமா? வயசு?

ஓட்டலாம், தனிப்பிரிவு கிடையாது, ஒரே கடிகாரம். பதினெட்டு வயது, ஓட்டுநர் உரிமம் இரண்டும் வேண்டும். பதினெட்டுக்குக் கீழே உள்ளவர்கள் டைமிங் மேசையிலும் விளக்குக் கம்பத்திலும் வேலை கற்றுக்கொள்ளலாம். அமெரிக்காவில் 1992-இல் சிறுவர்களுக்கென்றே பாதி அளவு டிராக்ஸ்டர் வண்டிகளோடு ஒரு பிரிவு தொடங்கினார்கள். ஒருநாள் இங்கும் வரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எலக்ட்ரிக் ஸ்கூட்டர்?

இப்போதைக்கு இல்லை. பேட்டரி தீப்பிடித்தால் அணைக்கிற பயிற்சி எங்களிடம் இல்லை. அது வந்த பிறகு கட்டாயம் சேர்ப்போம்.

கியர் வண்டி நல்லதா, ஸ்கூட்டரா?

ஸ்கூட்டரும் எக்ஸ்எல்லும் இந்தப் பந்தயத்தில் பலசாலிகள். கியர் மாற்றும் பிழை கிடையாது, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி ஓடும். கியர் வண்டி ஓட்டுகிறவர் ஒவ்வொரு கியரையும் ஒரே சத்தத்தில் மாற்றப் பழக வேண்டும். மீட்டரைப் பார்க்காதீர்கள், காதால் கேளுங்கள். கிளம்பும்போது பாதி ஆக்சிலரேட்டர், உடம்பு டேங்க் மேல் முன்னால் சாய்ந்து, கிளட்ச்சை முக்கால் விநாடியில் முழுக்க விட வேண்டும். வருவதற்கு முன் செயின் தொய்வை 20-லிருந்து 30 மில்லிமீட்டருக்குள் வையுங்கள். ரொம்ப இறுக்கினால் கிளம்பும் அதிர்ச்சியில் முதலில் போவது செயின்தான்.

ஒரு நாள்ல எத்தனை தடவை ஓட்டக் கிடைக்கும்?

32 பேர் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். ஆளுக்கு மூன்று பயிற்சி ஓட்டம் என்றால் 48 ஜோடி. நாக்அவுட் 31 ஜோடி. ஜோடிக்கு இரண்டு நிமிடம் வைத்தால் இவை இரண்டும் 160 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். காலை ஆறரைக்குத் தொடங்கினால், வெயிலும் காற்றும் ஏறுவதற்கு முன் முடித்துவிடலாம். நுழைவுக் கட்டணத்தை ஆயிரம் ரூபாய்க்குள் நிறுத்துவதுதான் எங்கள் குறி. பரிசுப் பணம் கிடையாது. ரேக்ளாவில் தங்கக் காசு கொடுப்பதுபோல் கொடுக்கலாமே என்று கேட்கிறார்கள். தங்கம் வந்தால் பின்னாலேயே பட்டறைச் செலவும் வந்துவிடும். ஜெயித்தவருக்கு ஒரு கோப்பை, நான்கு லிட்டர் இன்ஜின் ஆயில்.

முதல் சுற்றுலயே தோத்துட்டா வீட்டுக்குப் போக வேண்டியதுதானா? அவ்வளவு தூரம் வந்துட்டு?

இல்லை. முதல் சுற்றில் தோற்ற பதினாறு பேருக்கும் மறுவாய்ப்பு ஓட்டம் ஒன்று உண்டு, கட்டணம் இல்லாமல். அதில் சொல்நேரத்துக்கு மிக அருகில், மிஞ்சாமல் ஓடுகிற ஒருவர், அரையிறுதிக்கு முந்தைய சுற்றில் யாருக்காவது வண்டி பழுதாகி இடம் காலியானால் உள்ளே வருவார். காலியாகாவிட்டாலும் அன்று அவர் ஐந்து முறை கிளம்பியிருப்பார். ஐந்து ஓட்டத்தின் நேரச் சீட்டையும், கிளம்பிய தாமதம், முழு நேரம் எல்லாம் அச்சிட்டு, கையில் கொடுத்துத்தான் அனுப்புவோம்.